எலுமிச்சை பழக் கணக்கில் வராது

நாள் 112 / 07:30
நிலவுப் பண்ணை மூன்று. பதிவு: பவதாரிணி, நுண்ணுயிர்ப் பிரிவு.

இரண்டாவது பசுமைக்கூடம் இன்று திறக்கப்பட்டது. தக்காளி, எட்டுப் பாத்தி. வெப்பம் 24 டிகிரி. இலை மாதிரிகள் நன்றாக இருக்கின்றன. ஒரு தக்காளி இலையில் கோடிக்கணக்கான பாக்டீரியா குடியிருக்கின்றன. விதையோடு ஒட்டிக்கொண்டு பூமியிலிருந்து வந்தவை. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல இலை முழுவதையும் இவை பிடித்து வைத்திருக்கின்றன. அதனால்தான் அழுகல் பூஞ்சைக்கு உட்கார இடம் கிடைப்பதில்லை.

திறப்பு பூஜை நடந்தது. இயக்குநர் நல்லசிவம் கூடத்தின் வாசலில் எலுமிச்சையை வைத்து மிதித்தார். இங்கே ஈர்ப்பு குறைவு. சாறு கூரைவரை எழும்பி, அவசரமே இல்லாமல் இறங்கியது. எல்லோரும் சிரித்தோம். தொழிலாளி மாரிக்கனி துணி கொண்டுவந்து துடைத்தார்.

வேறு குறிப்பில்லை.

நாள் 131 / 06:10
இரண்டாம் பாத்தியில் சில பழங்கள் நீர்விட்டுத் தொங்குகின்றன. புளித்த மாவு வாடை. புளிப்பழுகல் பூஞ்சை. விதைகளைச் சோதித்தேன், சுத்தம். தண்ணீரும் சுத்தம். ஆகவே மனிதர்கள். தொழிலாளர் எட்டுப் பேரின் கைகளிலிருந்தும் மாதிரி எடுத்தேன்.

நாள் 132 / 16:40
மாரிக்கனியின் கையில் அதே பூஞ்சை. இன்னும் இருவர் கையிலும். அறிக்கையில் எழுதியது: "தொற்று மூலம்: தொழிலாளர் தோல்."

இயக்குநர், உள்தொடர்பில்:
"நான் அப்பவே நெனச்சேன் கண்ணு. எங்கிருந்து வாராங்களோ, எப்புடிக் குளிக்கறாங்களோ. என்ன பண்ணோணும்னு எழுதிக் குடு, கையெழுத்துப் போடறேன்."

எழுதிக் கொடுத்தேன். தொழிலாளர்கள் இனி வெளிக்கூடத்தில் தங்க வேண்டும். வேலைக்கு வரும்போதும் போகும்போதும் கிருமிநாசினித் தொட்டியில் முழங்கைவரை முக்க வேண்டும். தனித் தட்டு, தனிக் குவளை. செடிகள் எல்லாவற்றுக்கும் மருந்து தெளிக்க வேண்டும்.

உள்ளே இருக்கும் ஆறு அலுவலர்களிடம் மாதிரி எடுக்கவில்லை. தேவைப்படவில்லை.

நாள் 139 / 11:15
தெளிப்பு முடிந்தது. நாலாம் பாத்தியில் மட்டும் குழாய் அடைத்துக்கொண்டது. மருந்து விழவில்லை. பிறகு பார்க்கலாம்.

மாரிக்கனி, வெளிக்கூடத்திலிருந்து:
"மேடம், கையக் கழுவிக் கழுவி ரேகையெல்லாம் அழிஞ்சிட்டு. இனி சோசியக்காரன் வந்தாம்னா எங்க மூஞ்சியத்தான் பாக்கணும்." பின்னால் சிரிப்பு. பிறகு, "வெளையாட்டுக்குச் சொல்லல மேடம். தோலு உரியுது. கொஞ்சம் எண்ணெய் இருந்தா குடுத்து விடுங்க."

அனுப்பவில்லை. எண்ணெயில் கிருமி தங்கும் என்று விதி சொல்கிறது. விதியை எழுதியவள் நான்.

நாள் 150 / 08:00
ஏழு பாத்திகள் போய்விட்டன. தொட்டால் பழம் கையோடு வருகிறது, பிறகு கையிலேயே கரைகிறது. அழுகியதை வாளியில் அள்ளுவதும் அவர்கள்தான். உரிந்த கையோடு. தொற்று உள்ளவர்கள் என்று ஒதுக்கி வைத்தோம், அள்ளுவதற்கு மட்டும் கூப்பிட்டுக்கொள்கிறோம்.

நாலாம் பாத்தி மட்டும் அப்படியே இருக்கிறது. பழங்கள் சிவப்பாக, இறுக்கமாக. மருந்து விழாத ஒரே பாத்தி.

பஸ்ஸில் இருந்தவர்களை எல்லாம் நானே இறக்கிவிட்டேன். காலி பஸ்ஸில் பூஞ்சை ஏறிக்கொண்டது.

நாள் 151 / 14:20
பூஞ்சையின் மரபணுவைப் பூமியின் சேமிப்போடு ஒப்பிட்டேன். தோலில் வாழும் வகை இல்லை. எலுமிச்சைத் தோட்டத்து வகை.

இடுக்கியோடு வாசலுக்குப் போனேன். கதவு ஓடும் பள்ளத்தில் காய்ந்த சதை, அரை விதை, கொஞ்சம் குங்குமம். சோதித்தேன். அதேதான்.

பூமியிலிருந்து வரும் பைகளைத் திறந்து பார்ப்பது என் வேலை. பழம், விதை, மண் எதுவும் உள்ளே வரக்கூடாது. ஒரு பயறு வந்தால்கூட எரித்துவிடுவேன். இயக்குநரின் பையில் அந்த எலுமிச்சையைப் பார்த்தேன். பார்த்துவிட்டு ஜிப்பை மூடினேன். அது பழம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது திருஷ்டிக்கு.

நாங்கள் மிதித்ததை மாரிக்கனி துடைத்தார். துடைத்த கையில் தேடினேன். மிதித்த காலில் தேடவில்லை.

நாள் 151 / 17:50
இப்போது எல்லோரிடமும் மாதிரி எடுத்தாயிற்று. தொழிலாளர் எட்டுப் பேரிடமும் பூஞ்சை இல்லை. தோலையே உரிக்கும் மருந்தில் எது பிழைக்கும்? உள்ளே இருக்கும் ஆறு பேரிடமும் இருக்கிறது. நகத்தடியில், தொண்டையில். என்னிடம் அதிகம்.

என் தாத்தாவுக்கு ஊர் டீக்கடையில் சிரட்டையில்தான் டீ ஊற்றினார்கள். பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டியில் அதை எழுதிப் பரிசு வாங்கினேன். என் உத்தரவில் இருப்பது சிரட்டை இல்லை, பிளாஸ்டிக் குவளை. எழுதும்போது கை கூசவில்லை.

நாள் 153 / 09:00
இயக்குநரிடம் சொன்னேன். அவர் தன் அறையிலிருந்து, உள்தொடர்பில்தான் பேசினார். கதவைத் திறக்கவில்லை.

"ஒரு எலுமிச்சங்காயில என்ன கண்ணு வந்துரப்போவுது? சரி, வந்துச்சுன்னே வெச்சுக்குவோம். நாளன்னிக்கு கப்பல் வருது. தொத்து இருக்கறவங்கள ஏத்த மாட்டாங்க. நீ இப்ப அறிக்கைய மாத்துனா அவுங்க எட்டுப் பேரும் ஏறிப் போயிருவாங்க. நாம ஆறு பேரும் இங்க குந்திக்கிட்டு அழுகுன தக்காளி திங்கோணும். அடுத்த கப்பல் எப்பன்னு உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. யோசன பண்ணிக்க."

யோசித்தேன்.

நாள் 155 / 13:30
கப்பல் வந்தது. பதினாலு பேருக்கும் இடம் இருந்தது. ஆறு பேர் ஏறினோம்.

அறிக்கையை மாற்றவில்லை. இதைக் கண்டெடுத்துப் படிக்கும் யாரோ ஒருவர் என்னைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று எதையும் சேர்த்து எழுதப் போவதில்லை. மாற்றவில்லை. அவ்வளவுதான்.

கதவு மூடும் முன் உள்தொடர்பில் மாரிக்கனியிடம் சொன்னேன்: "இனிமே மருந்து அடிக்காதீங்க. நாலாம் பாத்தி இலையத் தண்ணியில கசக்கி மத்த செடிக்கெல்லாம் ஊத்துங்க."

"சரி மேடம். நாங்க எப்ப ஏறணும்?"

"அடுத்த கப்பல்ல."

"சரி மேடம். நீங்க பாத்துப் போங்க."

கப்பல், நாள் 9 / 10:05
கப்பலில் கீரை வளர்க்கும் சிறிய தட்டு ஒன்று உண்டு. இன்று காலை புளித்த மாவு வாடை. மாலுமி அதை எடுத்துப் போட்டுவிட்டு, "ஏதோ பழசு" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. போகும் இடம் தலைமை நிலையம். நானூறு பேர். அவர்கள் சாப்பிடுவதும் மூச்சு விடுவதும் ஒரே தோட்டத்தை நம்பி.

கப்பல், நாள் 16 / 12:30
பண்ணையிலிருந்து ஒலிச் செய்தி. மாரிக்கனி:

"மேடம், கேக்குதா? நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சோம். மூணாம் பாத்தியில புதுப் பிஞ்சு நிக்கி. அழுகல. நேத்து ஆளுக்கு ஒரு பழம், உப்பு வச்சுத் தின்னோம். கையும் பரவால்ல, தோலு வருது. உள்கூடத்துப் பூட்ட ஒடச்சிட்டோம், கோவிச்சுக்காதீங்க. எண்ணெய் அங்கனதான் இருந்திச்சு, ஒரு டின்னு முழுசா! சரி, நீங்க சாப்ட்டீங்களா? கப்பல் எப்பன்னு கேட்டுச் சொல்லுங்க."

நான்கு முறை கேட்டேன். பதில் அனுப்பும் பொத்தானில் விரல் இருந்தது. என்ன சொல்ல? சாப்பிட்டேன் என்றா?

ஆறு பேரும் இருமிக்கொண்டிருக்கிறோம்.

கப்பல், நாள் 21 / 05:02
தலைமை நிலையம் கண்ணுக்குத் தெரிகிறது. இந்தத் தடவை சொல்லிவிட்டேன். ஒலிப்பதிவிலிருந்து அப்படியே:

"தலைமை நிலையம், கதவத் திறக்காதீங்க. எங்க ஆறு பேர்கிட்டயும் புளிப்பழுகல் பூஞ்சை இருக்கு. தொழிலாளர்கள்கிட்ட இல்ல. நான் குடுத்த அறிக்கை பொய். அங்க விட்டுட்டு வந்த எட்டுப் பேருக்கும் கப்பல் அனுப்புங்க."

"ஒரு நிமிஷம் மேடம், லிஸ்ட் பாக்குறேன். ஆறு பேருமே ஆபீசர்ஸ்தானே? லேபர் யாராச்சும் கூட வந்திருக்காங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்ன மேடம்? நல்லாத் தூங்கியிருக்க மாட்டீங்க. வாங்க, சூடா காபி போட்டு வச்சிருக்கோம்."

மறுபடி சொன்னேன். கத்தினேன். இயக்குநர் ஒலிவாங்கியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "புள்ள பயந்து போயிருக்குதுங்க. அங்க பட்ட பாடு அப்புடி."

"பாவம் சார். அப்ப அந்த எட்டுப் பேருக்குக் கப்பல்?"

"அவுங்களுக்குத்தான் தொத்தாச்சே."

05:40
கப்பல் நிலையத்தோடு இணைந்துவிட்டது. கண்ணாடி வழியே வாசல் தெரிகிறது. வாசல் ஓரத்தில் கிருமிநாசினித் தொட்டி. மேலே பலகை: "தொழிலாளர்களுக்கு மட்டும்."

இறங்கியதும் அதில் தோள்வரை முக்குவேன். குடிக்கச் சொன்னாலும் குடிப்பேன்.

05:52
கதவு திறந்தது. தக்காளிச் செடி வாசம். அவ்வளவு பக்கத்திலா வைத்திருக்கிறார்கள்?

தொட்டியை நோக்கி ஓடினேன். வாசல் காவலர் குறுக்கே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர். சிரித்தபடியேதான் சொன்னார்: "மேடம், அது உங்களுக்கு இல்ல."

இப்போது அவர் கையிலும் இருக்கிறது.