சங்கு ஊதும்வரை வெளியே

பெருமதிப்பிற்குரிய அண்ணியார் அவர்களுக்கு,

தங்கள் அன்பு நாத்தனார் பணிவுடன் எழுதிக்கொள்வது. தங்கள் முதலாம் ஆண்டு நினைவுநாளுக்கே இக்கடிதம் வந்திருக்க வேண்டும். பண்ருட்டியில் பலாப்பழம் வந்து ஓய்ந்தும் போயிற்று. தாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

"இன்னாடி, கலெக்டருக்கு மனுவா எழுதுற?" என்று தாங்கள் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள். பள்ளிக்கூடம் போகாமல், பொட்டலக் காகிதங்களை வாசித்தே நான் கற்ற தமிழ் இது. அதை யாருக்காகவும் மடித்து வைப்பதாக இல்லை.

இங்கே யாவரும் நலம். அண்ணனுக்குச் சுரங்கத்தில் ஷிஃப்ட் மாறியதால் மாலையில் உதவிக்கு வருகிறார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், தெருப்பிள்ளைகளுக்காகத் தாங்கள் தொடங்கிய கொட்டகை நடக்கிறது. சோறும் பாயும் போலவே தங்கள் விதியும் மாறவில்லை. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனை முகர்ந்துகொண்டு வருபவருக்குக் கதவு சாத்தப்படும். சுரங்கத்தின் அடுத்த ஷிஃப்ட் சங்கு ஊதும்போது வெறுங்கையோடு நின்றால் திறக்கப்படும்.

தேன்மொழியைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பஸ்களில் கடலை மிட்டாய் விற்பவள்; எந்த ஊர் என்று கேட்டால் ஆளுக்கொரு ஊர் சொல்பவள். தங்கள் காலத்தில் சில முறை கதவு சாத்தப்பட்டபின் சொல்யூஷனை விட்டிருந்தாள். தாங்கள் போனபின் மீண்டும் தொட்டுவிட்டாள். நானும் கதவைச் சாத்தினேன். ஆனால் சங்கு ஊதும்வரை அவள் நின்றதே இல்லை. ஒவ்வொரு முறையும் திரும்பிவர இன்னும் அதிக நாளாயிற்று; இருமலும் கூடியது. ஒரேயடியாக வராமலே போய்விடுவாளோ என்று அஞ்சினேன்.

அதே கதவு, அதே விதி. தாங்கள் சாத்தியபோது காத்திருந்தவள், நான் சாத்தினால் ஏன் போகிறாள்? சரி, திறந்துவிடலாம் என்றால், அந்தப் பழக்கத்தை விடப் போராடும் பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்கள். அந்த வாடைக்கே அவர்களுடைய மூக்கு விடைக்கிறது.

சென்ற வாரம் மழையில் வந்தாள். கையில் சொல்யூஷன் நனைத்த துணிச்சுருள். ஜன்னல் வழியே, "விதிமுறை அனைவருக்கும் பொதுவானது" என்றேன்.

"தோ, நோட்டீசம்மா ஆரம்பிச்சிட்டாங்க!" என்றாள். என் பேச்சு நோட்டீஸ் வாசிப்பதுபோல் இருக்கிறதாம்.

"சிரிக்காதே. இங்கேயே நில். சங்கு ஊதினால் திறப்பேன்."

"யார்கூட நிக்கிறது?"

எனக்கு விளங்கவில்லை. "யாரோடு என்றால்?"

"வசந்தாம்மா கதவ சாத்திட்டு வெளிய வந்து எங்கூட குந்திகினு இருப்பாங்க. சங்கு ஊதுனா ரெண்டு பேரும் உள்ள வருவோம். நீ உள்ளாற இருந்துகினு சட்டம் பேசுற."

அண்ணி, இது எனக்குத் தெரியவே தெரியாது. நான் பின்பக்கம் அடுப்போடு இருந்தேன். கோபம் தணியத் தாங்கள் டீக்கடைக்குப் போவதாகவே எண்ணியிருந்தேன். ஏன் சொல்லவில்லை? சொல்ல வேண்டிய சங்கதி என்றே தோன்றவில்லையா?

அண்ணனை அழைத்துக் கரண்டியைக் கொடுத்தேன். "சோறு கொழைஞ்சா என்ன கேக்காத" என்றார். குடையோடு வெளியே போய், கதவைச் சாத்திவிட்டுப் படியில் அமர்ந்தேன்.

"நெசமாவா?" என்றாள். துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். நான் பிடுங்கவில்லை, உள்ளே விடவும் இல்லை. எதைப் பேசுவதென்று தெரியாமல் அவளது உடல்நலம் குறித்து விசாரித்தேன். சிரித்துச் சிரித்தே இருமினாள்.

"வசந்தாம்மா இப்பிடிலாம் பேச மாட்டாங்க."

"வேறு என்ன பேசுவார்?"

"அத்த நா சொல்ல மாட்டேன். அது எங்க ரெண்டு பேரு சங்கதி."

சங்கு ஊதியது. துணியைச் சாக்கடையில் எறிந்துவிட்டு இரு கைகளையும் விரித்துக் காட்டினாள். குழைந்த சோற்றை மறுபடியும் வாங்கிச் சாப்பிட்டாள். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தாள், கையில் துணியோடுதான். நான் குடையை எடுத்தேன்.

கதவு சாத்தப்படும் என்று தங்களுக்கு உறுதி கூறுகிறேன். சாத்திய கதவுக்கு வெளியேதான் நானும் இருப்பேன் என்றும் உறுதி கூறுகிறேன். அங்கே பேசத்தான் எனக்கு வரவில்லை. இத்தனை தமிழ் கற்றும் அந்தப் படியில் ஒரு சொல்லும் உதவவில்லை. அவளிடம் தாங்கள் என்னதான் பேசினீர்கள்?

இன்று மாலையும் அவள் வரக்கூடும். விரைந்து பதில் எழுதவும்.

இப்படிக்கு,
தங்கள் நாத்தனார்
காமாட்சி