ஒட்டாத, ஒழுகாத இனிப்பு

பெப்ரவரி 3, திங்கள்

கௌரி இன்றும் மூன்று கரண்டிக்கு மேல் வாய் திறக்கவில்லை. பருப்பும் கரட்டும் அரைத்த களி. நானே சாப்பிட்டுப் பார்த்தேன். அவளில் பிழையில்லை.

பாரிசவாதம் வந்து ஏழு கிழமை. வலது கை போயிற்று, பேச்சுக் கொஞ்சம் தடித்துப்போயிற்று. அதெல்லாம் பெரிதில்லை. விழுங்குவதுதான். தண்ணீர்கூட நுரையீரலுக்குள் போய்விடுமாம்.

விழுங்கப் பழக்குகிற தெரபிஸ்ட் பிரீத்தா வந்தாள். தமிழ்நாட்டுப் பிள்ளை. அடுத்த மாதம் நிறை இன்னும் குறைந்தால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைப்பார்களாம். "சின்ன ஆப்பரேஷன்தான் அங்கிள், பயப்படாதீங்க."

"என்ர மனுசி வாயாலதான் சாப்பிடுவா. எழுதிக்கொள்ளுங்கோ."

தேத்தண்ணீரைத் தடிப்பாக்க ஒரு தகரப் பேணியில் மா தந்தாள். கலந்து பார்த்தால் பசை. "என்ர மனுசியென்ன சுவரொட்டியோ, பசை பூச?" என்று கேட்டுவிட்டு, அவள் என்னவோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே பேணியை அலுமாரிக்கு மேலே ஏற்றினேன்.

பயம் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். அவள் விழுங்கும்போது நானும் விழுங்குகிறேன். அவளுடைய தொண்டை அசைந்து இறங்கும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை.

பெப்ரவரி 5

மகள் அஜந்தா நகரத்தின் மறுபக்கம் எட்மண்டனிலிருந்து வந்து மாம்பழக் கூழ் கொடுத்தாள். கௌரியின் வாய் தானாகத் திறந்தது! கிண்ணம் முடிந்தது.

அப்படியென்றால் இனிப்புத்தான். சீனி வருத்தம் எனக்குத்தான், அவளுக்கில்லை.

பிரீத்தா போனில் சொன்னாள்: "கரண்டியில எடுத்துச் சாய்ச்சுப் பாருங்க அங்கிள். ஒரே கட்டியா வழுக்கி விழணும். ஒட்டக் கூடாது, ஒழுகக் கூடாது, உதிரக் கூடாது." மிச்சத்தையும் சொல்ல வந்தாள். விளங்கிவிட்டது என்று வைத்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ரேடியோ திருத்தியது, ஆங்கிலம் படித்தது, இந்த நாட்டில் கடை நடத்தியது — எது மற்றவன் சொல்லித்தந்து வந்தது?

பெப்ரவரி 8, சனி

வீட்டுக் கரண்டியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து கிரீன் ஸ்ட்ரீட் முழுக்க நடந்தேன்.

லட்டு உதிர்கிறது. அல்வாவைத் தலைகீழாகப் பிடித்தாலும் கரண்டியை விடாது. ரசமலாயில் பஞ்சு வேறு, பால் வேறு. ஃபலூடாவில் விதை, சேமியா, பால், ஐஸ் — ஒரு கிளாசுக்குள் நாலு எமன். ஜப்பான்காரரின் அரிசி உருண்டை ஒன்றை அமுக்கிப் பார்த்தேன். ரப்பர். வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அடுத்த கடைக்குள் ஒரு பிள்ளை தடித்த குழாயால் கறுப்புச் சவ்வரிசி உருண்டைகளை உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தாள். அவள் குடித்து முடிக்கும்வரை கண்ணாடிக்கு வெளியே நின்றேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

இந்தத் தெருவில் இத்தனை காலம் நடந்திருக்கிறேன். இத்தனை ஆபத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி, வெள்ளித்தாள் ஒட்டி விற்கிறார்கள் என்று தெரியாமல் போயிற்று.

பெப்ரவரி 9

"கரண்டி ஆராய்ச்சி முடிஞ்சுதோ, புரொபெசர்?" என்று கேட்டுக் கௌரி சிரித்தாள். சிரித்தால் புரைக்கேறும். சிரிக்காதே என்று கத்திவிட்டேன்.

பெப்ரவரி 13

கிடைத்துவிட்டது. குல்ஃபி. பருப்பு ஒன்றும் போடாதது. சாய்த்தேன், ஒரே கட்டியாக வழுக்கி விழுந்தது. ஒட்டவில்லை, ஒழுகவில்லை, உதிரவில்லை. பிரீத்தாவைக் கேட்கத் தேவையில்லை. கண்ணால் பார்த்தவன் நான்.

பெப்ரவரி 14

குல்ஃபி. நாலு கரண்டி நல்லா இறங்கினது. அஞ்சாவது —

வாயுக்குள்ள உருகிப்போச்சு. உருகினால் தண்ணிதானே. கரண்டியில கட்டி, வாயுக்குள்ள தண்ணி. ஏன் யோசிக்கேல்லை? முகம் நீலமாப் போச்சு. அவ என்ர கையைப் பிடிச்ச பிடி —

அம்புலன்ஸ் வந்தது.

பெப்ரவரி 17

நிமோனியா. ஒட்சிசன் முகமூடி.

"ஐஸ்கிறீம் உருகுமெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை" என்றேன்.

பிரீத்தா மெதுவாகத்தான் சொன்னாள்: "முதல் நாளே சொன்னேன் அங்கிள். ஐஸ்கிரீம், ஜெல்லி ரெண்டும் வேண்டாம்னு."

சொல்லியிருப்பாள். நான் பேணியை அலுமாரிக்கு மேலே ஏற்றிக்கொண்டிருந்திருப்பேன்.

அஜந்தா என்னோடு பேசவில்லை. அது பரவாயில்லை. கௌரியின் மூச்சுச் சத்தத்தைத்தான் தாங்க முடியவில்லை.

பெப்ரவரி 20

டொக்டரிடம் நானே கேட்டேன்: வயிற்றுக் குழாயை வையுங்கோ. என் வாயாலேயே.

கௌரி ஒட்சிசன் முகமூடியை இழுத்து விலக்கினாள்.

"இது என்ர வாய். உங்கட வாயில்லை."

டொக்டர் எல்லாவற்றையும் விளக்கினார். குழாய் வைத்தாலும் நிமோனியா வராது என்று சொல்ல முடியாதாம். வாயால் சாப்பிட்டால் மறுபடி புரைக்கேறலாம், அடுத்த தடவை மீளாமலும் போகலாம். அவருக்கு எல்லாம் விளங்குகிறது, முடிவும் அவருடையதுதான் என்று கௌரியைக் காட்டினார். அஜந்தா ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக் கேட்டாள்.

"விளங்கினது. நான் சாப்பிடுறன்."

"ஏலாது" என்றேன்.

"உங்களுக்கு ஏலாட்டி வெளியில போய் நில்லுங்கோ."

பெப்ரவரி 28

வீட்டுக்கு வந்து மூன்று நாள். அஜந்தா லீவு போட்டுவிட்டு ஊட்டுகிறாள். நான் வெளியில்தான் நிற்கிறேன். கதவில் காது. கரண்டி கிண்ணத்தில் படும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரத்தில்தான் நானும் விழுங்குகிறேன்.

மார்ச் 6

அஜந்தா போய்விட்டாள். நானும் கௌரியும்.

"உந்த நடுங்கிற கையால தந்தால் மூக்குக்குள்ளதான் போகும்" என்று இடது கையால் கரண்டியைப் பறித்தாள்.

கதிரையில் ஏறி மாப் பேணியை இறக்கினேன். பிரீத்தாவுக்குப் போன் எடுத்து, எத்தனை கரண்டி, எவ்வளவு நேரம் என்று கேட்டேன். அவள் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருந்தேன்.

"ஹலோ? அங்கிள், லைன்ல இருக்கீங்களா?" என்றாள்.

மார்ச் 15

ஸ்ராட்போர்ட் பக்கம் ஒரு சின்னக் கடை. மலேசியாவிலிருந்து வந்த சீனப் பெண் நடத்துகிறார். சோயாப் பாலைத் தயிர்போல உறைய வைத்து, சுடச்சுட இஞ்சிப் பாகு ஊற்றித் தருகிறார். கரண்டியில் எடுத்தேன். முட்டை வெள்ளைக்கருபோல நடுங்கி, ஒரே கட்டியாக வழுக்கிற்று. சூடானது, ஆகவே உருகாது. ஆனால் பாகு வெறும் தண்ணீர்! பாகு வேண்டாம் என்றேன். பாகு இல்லாவிட்டால் அதில் ஒன்றுமேயில்லை என்று அந்தப் பெண் இரண்டு தடவை சொன்னார். நான் விடவில்லை.

கௌரிக்கு வாங்குவதற்கு முன்னர் கடை வாசலில் நின்று பிரீத்தாவைக் கேட்டேன். மிருதுவாக இருந்தால் சரியாம்.

கௌரி ஒரு கரண்டி சாப்பிட்டாள். "இனிப்பெண்டு சொல்லிச் சுண்ணாம்பு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்."

மார்ச் 19

கிளினிக். நிறை குறையவில்லை. கூடவுமில்லை. குழாயைப் பற்றி இம்முறை ஒருவரும் கதைக்கவில்லை.

மார்ச் 22, சனி

கௌரியைச் சக்கர நாற்காலியில் வைத்து, பஸ்ஸில் அந்தக் கடைக்குக் கூட்டிப்போனேன். அவள்தான் கேட்டாள்.

பாகைத் தனிக் கோப்பையில் வாங்கினேன். கோட்டுப் பையிலிருந்து பேணியை எடுத்து மாவைக் கலந்து, பிரீத்தா சொன்ன நேரம் வரைக்கும் விட்டேன். சாய்த்துப் பார்த்தேன். இன்னொரு தடவையும் பார்த்தேன். கடைக்காரப் பெண் ஓடிவந்து, பாகில் ஏதாவது பிழையோ என்று கேட்டார். பிழை உங்களிலில்லை என்றேன்.

கௌரி இடது கையால் கரண்டியை எடுத்தாள்.

"அங்கால பாருங்கோ. நீங்கள் என்ர தொண்டையைப் பாத்துக்கொண்டிருந்தால் ஒண்டும் இறங்காது."

சுவரைப் பார்த்தேன். சிவப்பு நிறத்தில் ஒரு சீனக் கலண்டர். ஓர் எழுத்தும் தெரியாது. எல்லாவற்றையும் வாசித்தேன்.

"இஞ்சித் தண்ணி காணாது. இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டு வாங்கோ."

அவளுடைய கிண்ணத்தில் பாதி இருந்தது. வாயிலும் இருந்தது. எழும்பிப் போனேன். வரிசையில் நின்றேன், முதுகு அவள் பக்கம். பின்னால் யாரோ இருமினார்கள். கை கவுண்டரைப் பிடித்துக்கொண்டது. திரும்பவில்லை. ஏன் திரும்பவில்லை? தெரியாது.

கோப்பையோடு வந்தபோது பக்கத்து மேசை மனிதர் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். கௌரி கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தாள்.

"நிண்டு பாகு காய்ச்சினனீங்களோ? சுறுக்காய்க் கலவுங்கோ."

பேணியைத் திறந்தேன். அது தடிக்கும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.