படகில் செல்விக்குப் பக்கத்தில்

செப் 3, வியாழன்

காலையிலிருந்து தூறல். மைக்செட்டைத் துடைத்துத் தார்ப்பாய் போட்டு மூடியாயிற்று. இரண்டு நாள் கடை லீவு. நாளையோடு எனக்கும் செல்விக்கும் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். சென்னையில் இருக்கிற பெண்ணும் மருமகனும், திண்டிவனம் தாண்டி ஒரு பெரிய பார்க்கில் எங்களுக்கு ரூம் போட்டுவிட்டார்கள். ராட்டினம், தண்ணீர் விளையாட்டு, சாயங்காலம் கேக், பிரேம் போட்ட ஒரு போட்டோ, எல்லாம் அதிலேயே அடக்கமாம்.

செல்வி பையில் வைத்தது: துண்டு, தைலம், புளிசாதம், என் மாத்திரை, ஒரு சுடிதார். அவள் சுடிதார் போட்டு நான் பார்த்ததே இல்லை.

"இன்னாமே, உன்னப் பொண்ணு பாக்க யாருன்னா வர்றாங்களா?" என்றேன்.

"மூடிக்கினு படு" என்றாள். சிரிக்கவில்லை.

விழுப்புரத்தில் எந்தக் கல்யாணமானாலும் நான் மைக்கைப் பிடித்தால் சனம் சோற்றை விட்டுவிட்டுச் சிரிக்கும். வீட்டில் மட்டும் போணி ஆவதில்லை. கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டதாம்.

செப் 4, வெள்ளி

நல்ல வெயில். தி.வனம் பஸ் ஸ்டாண்டில் வேகவைத்த மல்லாட்டைக் கடலை ஒரு பொட்டலம். பார்க் வாசலில் கையில் நம்பர் போட்ட பட்டை மாட்டினார்கள். "காணாம போனா புடிச்சிக் குடுக்கவா? வாணாம், அப்படியே உட்டுடுங்க" என்றேன். பட்டை மாட்டிய பெண் விழுந்து விழுந்து சிரித்தது. செல்வி சிரிக்கவில்லை.

எனக்கு உயரம் ஆகாது. திருவிழா ராட்டினத்துக்கே கீழே நின்று செருப்புக்குக் காவல் இருக்கிறவன். மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்ட எப்போதும் கூலி ஆள்தான். ஊருக்குத் தெரியாது. செல்விக்குத் தெரியும்.

அங்கே ஒரு படகு. மூன்று மாடி உயரம் ஏறி, அங்கிருந்து கீழே குட்டையில் விழுகிறது. செல்வி போய் வரிசையில் நின்றுகொண்டாள், சுடிதாரோடு.

"வாய்யா."

"முட்டி வலிக்குது."

"காலையில பஸ்ஸுக்கு ஓடன முட்டியா?"

ஒரு சீட்டுக்கு இரண்டு பேராகத்தான் ஏற்றுவார்களாம். அவளுக்குப் பின்னால் ஒரு ஆள் தனியாக. நல்ல உயரம், நரைத்த முறுக்கு மீசை. படகு ஓட்டுகிறவன் இரண்டு பேரையும் ஒரே சீட்டில் உட்காரவைத்துக் கம்பியை மாட்டிவிட்டான். நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.

குட்டைக் கரை பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். மடியில் செல்வியின் செருப்பு, தோளில் அவளுடைய சிவப்பு ஹேண்ட்பேக். பக்கத்தில் ஒரு அம்மா, அவர் மடியிலும் ஒரு ஜோடிச் செருப்பு. அந்த மீசைக்காரரின் சம்சாரமாம். பெயர் மேரி. அவர் சவரிமுத்து. தி.வனத்தில் எண்ணெய்க் கடை.

"எனக்குத் தல சுத்தும் சார். அவரு பாட்டுக்கு ஏறிக்கினே இருப்பாரு. முறுக்கு எடுத்துக்கங்க."

அந்தம்மாவுக்கு ஒரு கவலையும் இல்லை. எனக்கு முறுக்கு இறங்கவில்லை. படகு உச்சிக்குப் போனதும் எழுந்துவிட்டேன். என்னவோ கத்தினேன். படகு விழுந்தது. அப்போதுதான் கேட்டது, செல்வியின் சிரிப்பு.

இருபத்தைந்து வருஷத்தில் கேட்காத சிரிப்பு. தொண்டையில் இல்லை, அடி வயிற்றிலிருந்து. நடுவில் மூச்சு வாங்கி, மறுபடி. குட்டை முழுக்க அதுதான். நான் சத்தத்தை வைத்துப் பிழைக்கிறவன். எது ஒப்புக்கு, எது நிஜம் என்று எனக்குத் தெரியாதா?

நனைந்துபோய் இறங்கி வந்தாள். "இன்னொரு வாட்டி போலாமா சார்?"

என்னைக் கேட்கவில்லை. சவரிமுத்துவை. மொத்தம் மூன்று தடவை போனார்கள். மூன்று தடவையும் அதே சிரிப்பு.

இனிமேல் ச.மு. என்றே எழுதப்போகிறேன். முழுப் பெயருக்கு மை தண்டம்.

ச.மு.விடம் கண்ட குறை: தொப்பை. காதில் முடி. தண்ணீரில்கூட வாட்சைக் கழற்றாத பெருமை. வாயைத் திறந்து ஒரு ஜோக் சொல்லவில்லை. ஜோக்கே சொல்லாமல் எப்படிச் சிரிக்கவைத்தான்?

சாயங்காலம் சாப்பாட்டு ஹாலில் கேக். ஒருத்தன் மைக்கை வாய்க்குள் விட்டுக்கொண்டு பேசினான், பாதி ஊளை. "நம்ம வெட்டிங் டே ஜோடி, மேடைக்கு வாங்க!" பெரிய திரையில் போட்டோ. படகு. செல்வி. பக்கத்தில் ச.மு. இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்து, வாயெல்லாம் பல். கீழே ரோஜாப் பூவும் இருபத்தைந்தும்.

படகு விழும்போது அதுவாகவே படம் எடுக்கிற கேமரா வைத்திருக்கிறார்கள். செல்வியின் கைப்பட்டை நம்பரைப் பார்த்து, பக்கத்தில் இருக்கிறவன்தான் புருஷன் என்று பிரேமே போட்டுவிட்டார்கள்.

ஹாலே கைதட்டுகிறது. ச.மு. சோற்றுக் கையோடு எழுந்து, "நான் இல்லீங்க! தோ, அவரு!" என்று என்னைக் காட்டினார்.

யாரோ ஒரு பொம்பளை: "அவரு யாரு, பொண்ணுக்கு அண்ணனா?"

சிரிப்பு அடங்க வெகு நேரம். எத்தனை மாப்பிள்ளைகளை மைக்கில் ஓட்டியிருப்பேன். இன்று எனக்கு. மேரியம்மா மேஜையைத் தட்டிச் சிரிக்கிறார். செல்வி துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள். கேக்கை நான்தான் வெட்டினேன். ருசி தெரியவில்லை.

செப் 5, சனி

மூட்டம். கவுண்டரில் போய் பிரேமை மாற்றித் தரச் சொன்னேன். "நீங்க ஏறுனாத்தான் சார் உங்க போட்டோ வரும்" என்றது அங்கிருந்த பெண்.

"உடுய்யா. உனக்கு ஒத்துக்காது" என்றாள் செல்வி.

அந்தச் சொல்தான் என்னை ஏற்றிவிட்டது. பாதி உயரம் வரை ஞாபகம் இருக்கிறது. அதற்கு மேல் முருகனைக் கூப்பிட்டேனாம், பிறகு அம்மாவை, கடைசியில் மாமியாரையும்.

போட்டோ வந்தது. எனக்குக் கண் மூடி, வாய் கோணி. செல்வி முகத்தில் சிரிப்பே இல்லை. இரண்டு கையாலும் என் சட்டையைப் பிடித்திருக்கிறாள், வாந்தி எடுக்கிற பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி.

கிளம்பும்போது மேரியம்மா வந்து, "அந்தப் பழைய பிரேம நாங்க எடுத்துக்கறோம் சார். இவரு சிரிச்சி ஒரு போட்டோ இல்ல எங்க ஊட்ல" என்றார்.

"தாராளமா" என்றேன். போன் நம்பர் எல்லாம் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். தொல்லை விட்டது.

செப் 7, திங்கள்

வீடு. புழுக்கம். ஆம்ப்ளிபயர் ஒன்று புகைந்துவிட்டது. பிரேம் டிவி மேல்.

எதிர் வீட்டம்மா பார்த்துவிட்டு: "இன்னாண்ணே, செல்வியக்கா உன்ன ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறாப்ல இருக்குது?"

தொல்லை விடவில்லை. அவள் அப்படிச் சிரித்த ஒரே படம் தி.வனத்தில் அடுத்தவன் வீட்டில். தினமும் பல் விளக்கிக்கொண்டே ச.மு. அதைப் பார்ப்பான். நான் இங்கே என் கோண வாயைப் பார்த்துக்கொண்டு. நானே தாராளமாகத் தூக்கிக் கொடுத்தது வேறு.

ராத்திரி சாப்பிடும்போது செல்விக்கு நாலு ஜோக் சொன்னேன். நாலாவது புதுசு.

"கரண்டு பில்லு கட்டனியா?" என்றாள்.

செப் 13, ஞாயிறு

நாளை பிள்ளையார் சதுர்த்தி. தி.வனத்தில் ஒரு தெருவுக்கு மைக்செட். கட்டி முடித்து, டெஸ்ட் பண்ணிவிட்டு, போனில் வழி கேட்டு ச.மு. வீட்டுக்குப் போனேன். மாதா படத்துக்குக் கீழே அந்த பிரேம். மேரியம்மா டீ கொடுத்தார். படத்தைத் திருப்பிக் கேட்க வாய் வரவில்லை. ஊரையே பேசுகிற வாய்.

நான் பார்க்கிறதைப் பார்த்து ச.மு.வே கழற்றிக் கையில் கொடுத்தார்.

"ஓரத்துல பாத்தீங்களா சார்? நல்லா பாருங்க."

பார்த்தேன். படத்தின் ஓரத்தில் குட்டைக் கரை, பெஞ்சு. ஒரு ஆள் எழுந்து நிற்கிறான். தோளில் சிவப்பு ஹேண்ட்பேக். கைக்கு ஒரு பொம்பளைச் செருப்பாக உயரத் தூக்கி, வானத்தோடு சண்டைக்குப் போகிற மாதிரி. வாய் குழாய் ஸ்பீக்கர் அளவு. படகில் இருக்கிற இரண்டு பேர் கண்ணும் அங்கேதான்.

"உச்சிக்குப் போனதுமே, 'தோ பாருங்க சார், எங்க ஊட்டுக்காரரு'ன்னாங்க உங்க சம்சாரம். அப்புறம் என்னாலயும் அடக்க முடியல. மூணு வாட்டியும் அப்படியே எழுந்து நின்னீங்க. அதப் பாக்கத்தான் திரும்பத் திரும்ப ஏறனோம். கோச்சிக்காதீங்க சார்."

சவரிமுத்து நல்ல மனுஷன். படத்தை அவரே மறுபடி மாட்டட்டும் என்று கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். செல்வி அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு தாளித்துக்கொண்டிருந்தாள். சிவப்பு ஹேண்ட்பேக்கை ஆணியிலிருந்து எடுத்துத் தோளில் மாட்டினேன். வாசலில் கிடந்த அவள் செருப்பைக் கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். பேசவில்லை. அவளாகத் திரும்பட்டும் என்று. திரும்பினாள்.

இன்று சாம்பாரில் கடுகு மொத்தமும் கருகல்.