சந்திராவுக்கு யார் ஊட்டுவது

2024 செப்டம்பர் 9, திங்கள்

என் மனைவி சந்திராவின் மூக்குக் குழாயை இன்று எடுத்தார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு முதல்முறையாக வாய்வழி உணவு. வலது கை இன்னும் அசையவில்லை, பேச்சு குழறுகிறது. கஞ்சியைக் கண்டதும் முகம் சுளித்தது மட்டும் தெளிவாக இருந்தது.

காலையில் நர்ஸ் தேவிகா தானே ஊட்டினார். வார்டில் அவருக்கு வேறு நோயாளிகளும் உண்டு. மதியம் அந்த வேலையை உதவியாளர் முத்துமாரியிடம் ஒப்படைத்தார். முத்துமாரி முன்பு புதுவயல் அரிசி ஆலையில் இருந்தவர்.

"எப்படி ஊட்டுவீகன்னு திருப்பிச் சொல்லுங்க, மாரியக்கா."

"நிமித்தி உக்கார வைக்கணும். கெட்டியாத்தான் குடுக்கணும். முழுங்குனதப் பாத்துட்டுத்தான் அடுத்த வாய். இருமுனா நிப்பாட்டிட்டு ஒங்களக் கூப்புடணும். பள்ளிக்கூடத்துல இப்படிப் பொறுமையாக் கேட்டிருந்தா நானும் நர்ஸாகியிருப்பேன் சிஸ்டர்."

தண்ணீராக எது கொடுத்தாலும் நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம் என்று தேவிகா என்னிடம் விளக்கினார். ஏற்பாடு ஒழுங்காகவே இருந்தது.

செப்டம்பர் 10

இருமல் இல்லை. முத்துமாரியிடம் "உப்பு" என்றாள் சந்திரா. நோய் வந்தபின் எனக்குப் புரிந்த முதல் சொல்.

செப்டம்பர் 12, வியாழன்

நான் மருந்துக் கடைக்குப் போயிருந்த நேரம், நெற்குப்பையிலிருந்து சந்திராவின் அண்ணன் மனைவி அழகி வந்திருக்கிறார், தூக்குவாளியில் மிளகு ரசத்தோடு. அவர்கள் குடும்பத்தில் பெண் நோயில் படுத்தால், பிறந்த வீட்டிலிருந்து பார்க்க வருபவர் தன் கையால் ஒரு வாயாவது ஊட்டிவிட்டுத்தான் திரும்புவார். யாரும் அனுமதி கேட்பதில்லை, யாரும் தடுப்பதுமில்லை. முத்துமாரியிடமிருந்து ஸ்பூனை வாங்கி ரசத்தை ஊட்டியிருக்கிறார்.

நான் உள்ளே வந்தபோது இருமல். நிக்கவே இல்ல. முகம் நீலம் பாரிச்சுப்போச்சு. முத்துமாரி கத்தினார், தேவிகா ஓடிவந்தார். நான் என்ன செஞ்சேன்? மருந்துப் பையப் புடிச்சிக்கிட்டு நின்னேன். அவ்வளவுதான்.

செப்டம்பர் 13

காய்ச்சல். நெஞ்சில் தொற்று. மறுபடி மூக்குக் குழாய், ஆக்ஸிஜன். டாக்டர் என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

உட்கார்ந்திருக்க முடியவில்லை. செய்தியாளனுக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். மூவரையும் தனித்தனியாகக் கேட்டேன்.

அழகி: "பெறந்த வீட்டு ரசம்ண்ணே. ஒரு மடக்கு உள்ள போனா எந்திரிச்சு உக்காந்துருவான்னு நெனச்சேன். நான் என்ன, விஷமா குடுத்தேன்?" அழுதார்.

முத்துமாரி: "தண்ணியாக் குடுக்கக் கூடாதுன்னு சொன்னேன் சார். 'நீ தள்ளு, எங்க பிள்ளைக்கு எது ஒத்துக்கும்னு எனக்குத் தெரியும்'னாக. பெறந்த வீட்டு ஆளு. நான் எப்படி சார் அவுக கையப் புடிப்பேன்?"

தேவிகா: "இருமுனா கூப்புடுங்கன்னு சொல்லியிருந்தேன். வேற ஆளு ஸ்பூனக் கேட்டாக் கூப்புடுங்கன்னு சொல்லல. கூப்புடுற தூரத்துலதான் சார் இருந்தேன்."

மூன்றும் பொருந்துகின்றன. யாரும் பொய் சொல்லவில்லை. அதனால் எதுவும் எளிதாகிவிடவில்லை. அவள் மூச்சு இன்னும் ஆக்ஸிஜனை நம்பித்தான் இருக்கிறது.

செப்டம்பர் 16

மருத்துவமனை மேலாளர் சத்தியமூர்த்தி அழைத்தார். "ஒரு புகார் எழுதிக் குடுங்க சார். அந்த முத்துமாரி அம்மாவ இன்னைக்கே வேலைய விட்டு நிப்பாட்டிருறோம்."

தேவிகாவும் இருந்தார். "அக்காகிட்ட வேலைய ஒப்படைச்சது நான். யாரு கேட்டாலும் 'முடியாது'ன்னு சொல்லுற அதிகாரத்த ஒப்படைக்கல. புகார் எழுதுனா என் பேரையும் சேத்து எழுதுங்க."

எழுத மறுத்தேன். இரக்கத்தால் அல்ல. முத்துமாரி மேல் மட்டும் பழி போடும்படி எதுவும் நடக்கவில்லை, அதனால்.

செப்டம்பர் 20

காய்ச்சல் விட்டது. என்னைப் பார்த்து "சவரம்" என்றாள். தடவிப் பார்த்தேன், தாடி.

செப்டம்பர் 27, வெள்ளி

மூக்குக் குழாய் போய் மறுபடி கஞ்சி. இந்தமுறை தேவிகா சில நாள் தானே ஊட்டிப் பார்த்துவிட்டு, இன்றுதான் முத்துமாரியிடம் விட்டார். அழகியையும் என்னையும் பக்கத்தில் நிறுத்திவைத்துச் சொன்னார்: "ஸ்பூன் மாரியக்கா கையில இருக்கும்போது அவுக வேணாம்னா, நானே வேணாம்னு சொன்ன மாதிரி. மாமனார், மாமியார், டாக்டர் வீட்டுக்காரம்மா, யாரா இருந்தாலும் எங்குட்டுப் போனாலும் கடைசியில என்கிட்டத்தான் வரணும்."

அழகி தூக்குவாளியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தார்.

அக்டோபர் 3

இன்று ஊட்டும்போது பக்கத்தில் இருந்தேன். அவளுக்கு நானே ஒரு வாய் கொடுக்கத் தோன்றியது. ஸ்பூனுக்குக் கை நீட்டினேன். முத்துமாரி அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சிஸ்டரக் கேட்டுட்டு வாங்க சார்."

"நான் புருஷன்."

"அதனாலதான் சொல்லுறேன். ஒங்கள விட்டேன்னு தெரிஞ்சா நாளைக்கு நெற்குப்பையே வரிசை கட்டி நிக்கும்."

சந்திரா சிரித்தாள். சிரிப்பு முழுதும் அடங்கும்வரை முத்துமாரி அடுத்த வாயை எடுக்கவில்லை.

நான் தேவிகாவைத் தேடிப் போனேன். யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருந்தார். காத்திருந்தேன்.