பெஹ்ரூஸ் என்றால் நல்ல நாள்

ஜூன் 4

தொப்புள்கொடி இன்னும் விழவில்லை, அதற்குள் பேர்ச் சண்டை. என் வீட்டுக்காரர் ரெக்சன் ஈரானிலிருந்து போன் பண்ணினார். பிள்ளைக்கு பெஹ்ரூஸ் என்று வைக்க வேண்டுமாம். மீன்பிடி லாஞ்சில் அவரோடு வேலை பார்க்கும் ஈரான்காரன் பேர். ஏன் என்று கேட்டால், "நல்ல மனுஷன், வையேன்" என்று மழுப்புகிறார். நல்ல மனுஷன் பேரையெல்லாம் வைப்பதென்றால் எங்கள் திரேஸ்புரத்தில் பிள்ளைகள் போதாது.

மாமி கேட்டுவிட்டு, "ஏளா, தலைப்பிள்ளைக்கு தாத்தா பேருதான். இதென்ன பூச்சிமருந்து மாதிரி?" என்றார். மாமா பேர் பவுல். பேரனும் பவுல்தான் என்று ஏற்கெனவே தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார், பாவம்.

ஜூன் 6

போன் வந்தது. எடுக்கவில்லை.

ஜூன் 9

அதே லாஞ்சில் வேலை பார்க்கும் பெனிஸ்டன் லீவில் வந்து பிள்ளையைப் பார்த்தான். பேச்சுவாக்கில் உளறிவிட்டான். ஜனவரியில் வலைக்கயிறு ரெக்சன் காலைச் சுற்றிக் கடலுக்குள் இழுத்துவிட்டதாம். பின்னாலேயே குதித்துக் கயிற்றை அறுத்தவன் பெஹ்ரூஸ். "அண்ணன் சொல்லலையா மைனி?" என்கிறான்.

சொல்லலையே. வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு இங்கன நான் சிரிச்சுப் பேசிட்டு இருந்திருக்கேன். பாவி மனுஷன்.

நானே போன் போட்டேன். திட்டினேன், அழுதேன். "சொன்னா நீ பயப்படுவல்லா" என்றார். பிறகு அந்தப் பேருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். பாரசீகத்தில் பெஹ் என்றால் நல்ல, ரூஸ் என்றால் நாள். அவன் பிறந்தபோது அவன் அப்பா கடலில் இருந்தாராம். படகு கரை சேரும்வரை பேரே வைக்காமல் இருந்து, சேர்ந்த அன்று அவன் அம்மா வைத்த பேர் அது.

ஜூன் 12

மாமியிடம் எல்லாம் சொன்னேன். அழுதார், மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றினார். ஆனால், "அதுக்காவ தாத்தா பேர மாத்த முடியுமா?" மாமா முகத்தைப் பார்த்தேன். எனக்கும் மனசு வரவில்லை. ரெக்சனிடம் சொன்னபோது "சரி" என்றார். சண்டை போட்டிருக்கலாம். அந்த "சரி" எனக்குத் தாங்கவில்லை.

ஜூன் 21, ஞாயிறு

ஞானஸ்நானம் முடிந்தது. பவுல். மாமா தெரு முழுக்க மஸ்கோத் அல்வா கொடுத்தார்.

ஜூன் 24

நான் குளித்துக்கொண்டிருந்தேன். தொட்டிலில் பிள்ளை வீறிட்டான். மாமி ஓடி வரும் சத்தம். "ஏலே..." என்று ஆரம்பித்து அப்படியே நின்றுவிட்டார். கட்டின நாளிலிருந்து புருஷன் பேரைச் சொன்னதில்லை அவர். அதுவும் மாமா பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது எப்படிச் சொல்வார்? பிள்ளை அழுகையை நிறுத்தவில்லை.

"ஏலே பெரூசு. அழாதலே. அம்மா வந்துருவா."

நான் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். மாமா பேப்பரைப் புரட்டும் சத்தம் கேட்டது.

சாயங்காலம் ரெக்சன் போன் பண்ணியபோது, பிள்ளையை மறுபடி அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடும்படி மாமியிடம் சொன்னேன். வெட்கப்பட்டுக்கொண்டே கூப்பிட்டார். அந்தப் பக்கம் லாஞ்சு எஞ்சின் சத்தம். அதற்கு மேலே ரெக்சன் குரல்.

"பெஹ்ரூஸ் பக்கத்துலதான் நிக்கான். இன்னொரு தடவ கூப்பிடச் சொல்லுதான்."