கிடங்குச் சுவரில் தண்ணீர்

மார்ச் 3, செவ்வாய்

சுவர் ஒருவழியாக வழிக்கு வந்தது. மூன்று வாரமாக முரண்டு பிடித்த சுவர். பழைய தானியக் கிடங்கின் முப்பத்தாறு ஜன்னல்களும் இன்று நான் வரைந்த கோடுகளோடு மயிரிழை பிசகாமல் பொருந்தின. காற்று வந்தால் ஜன்னல் கதவுகள் படபடக்கும். நெருப்பு வந்தால் செங்கல் செங்கலாகச் சிவக்கும். மண் பிளந்தால் பாதிச் சுவர் சரியும். எல்லாம் புரொஜெக்டர் சுவரில் அடிக்கும் வெளிச்சம்தான். கடைசியில் தண்ணீர்.

புரொஜெக்டர் நிற்பது எதிர்ப்பக்கம், நான் தங்கியிருக்கும் அக்கா வீட்டு மொட்டை மாடியில். அதைவிடத் தோதான இடம் இந்தத் தெருவில் இல்லை. "வெச்சுக்கோ" என்று ஒரு வார்த்தை சொன்னாள். என்ன படம் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ?

மார்ச் 5, வியாழன்

விழா அமைப்பாளர் போனில் குதித்தார். "நாலு மாடிச் சுவரு மேடம்! அதுல நெஞ்சளவு தண்ணியா? கூரையில போய் முட்டட்டும். ஜனங்க வாயப் பொளக்க வேணாமா?"

முடியாது என்றேன். மூன்று வருடத்துக்கு முன் இந்தத் தெருவில் புகுந்த வெள்ளம் விட்டுப்போன கறை அந்தச் சுவரிலேயே இருக்கிறது. அளவு நாடாவோடு போய்க் குனிந்து நிமிர்ந்து அளந்தேன். நான்கு அடி இரண்டு அங்குலம். என் தண்ணீர் அங்கே வந்து நிற்கும், ஓர் அங்குலம் கூட்ட மாட்டேன். பொய்யைக் காட்டிக் கைதட்டல் வாங்குகிற ஆள் நான் இல்லை. இப்படியெல்லாம் வீறாப்பாகப் பேசிவிட்டுப் போனை வைத்தேன்.

அத்தான் போனது அந்த வெள்ளத்தில்தான். அப்போது நான் வேறு ஊரில், வேறு எவர் சுவருக்கோ வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தேன். வந்து சேர ஐந்து நாள் ஆனது. அக்கா அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. நானும் கிளறியதில்லை.

மார்ச் 6, வெள்ளி

ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சேன்.

கோடுகளை மட்டும் சரிபார்ப்பதாகத்தான் பேச்சு. எலெக்ட்ரீஷியன் — எல்லோருக்கும் அவர் 'வோல்டேஜ்' — "முழுசா ஒரு தடவ ஓட்டிப் பாத்துரலாமா மேடம்?" என்றார். மணி ஏழு. அக்கா பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையை மூடிவிட்டு வர ஏழரை ஆகும். ஓட்டுங்கள் என்றேன்.

தண்ணீர் ஏறிக் கறையில் வந்து கச்சிதமாக நின்றது. அழகாகத்தான் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். குனிந்து பார்த்தால் கீழே தெரு நடுவில் அக்கா. தோளில் பை. சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேலே வந்தாள். "அணைங்க" என்றாள். எங்கள் இருவரையும் கீழே அனுப்பி, மாடிக் கதவைப் பூட்டி, சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டாள்.

மார்ச் 7, சனி

பேசவில்லை. சாப்பிடவில்லை. சாவியைக் கீழே வைக்கவும் இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

அவள் அறைக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து கெஞ்சினேன். "தண்ணியவே எடுத்துடறேன்க்கா. காத்து, நெருப்பு, மண்ணோட முடிச்சுக்கறேன். ஒரு வாய் சாப்பிடுக்கா." உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

அவளுக்கு இருப்பது நான் ஒருத்தி. எனக்கும் அவள் ஒருத்தி. பாவி, அவ வீட்டு மாடியில நின்னே அவ நெஞ்சுல அடிச்சேனே! வரும் சனிக்கிழமை காட்சித் திறப்பு. திறப்பாவது ஒன்றாவது. அந்தக் கருவியைத் தூக்கி ஆற்றில் போட்டால் அவள் சாப்பிடுவாள் என்றால் இப்போதே போடுவேன்.

மார்ச் 9, திங்கள்

வோல்டேஜ் வந்தார். தலையைச் சொறிந்தார். மென்று முழுங்கினார். "கீழ கடையில பேசிக்கறாங்க மேடம்... அன்னிக்குப் படத்தப் பாத்துட்டு. 'இந்தத் தண்ணியிலயா அந்த மனுஷன் போனாரு? ஆள் உயரம்கூட இல்லையே'ன்னு."

ஊர் வாய். அதை மூட என்னால் ஆகுமா? அவரிடம் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

மார்ச் 11, புதன்

சாயங்காலம் அக்கா வெளியே வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"எவ்ளோன்னு அளந்த?"

"நாலடி ரெண்டு அங்குலம்."

"எத வெச்சு?"

"கறைய வெச்சுக்கா."

"கறை, தண்ணி நாலு நாளு நின்ன எடம்டீ. வந்த எடம் இல்ல."

எழுந்து ஜன்னலுக்குப் போய் விரலை நீட்டினாள். கிடங்கின் முதல் வரிசை ஜன்னல்களுக்கு மேலே ஒரு சிமெண்ட் பட்டை ஓடுகிறது. "அங்க வந்துச்சு. கொஞ்ச நேரந்தான், ஏழெட்டு நிமிஷம். அப்பறம் மளமளன்னு கறை வரைக்கும் எறங்கிடுச்சு. தெருவே முன்னாடியே காலி பண்ணிப் போயிருந்துச்சு. கீழ்வீட்டுப் பெரியவரால நடக்க முடியாதுன்னு நாங்க மட்டும் இருந்தோம். உங்கத்தான் அவரத் தூக்கி என் பக்கத்துல படியில ஏத்திட்டு, அடுத்த கால் வெக்கறதுக்குள்ள தண்ணி வந்துச்சு. அந்தப் பெரியவரும் அடுத்த மாசமே போய்ட்டாரு. இனிமே பாத்தவ நான் ஒருத்திதான்."

ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினாள்.

"கையப் புடிச்சிட்டுதான் இருந்தேன். புடிச்சுட்டேதான்டீ இருந்தேன். மூணு வருஷமா எல்லாரும் அந்தக் கறையப் பாக்கறாங்க, அப்பறம் என்னப் பாக்கறாங்க. நெஞ்சளவு தண்ணியில புருஷன விட்டுட்டான்னு. இப்ப நீயும் வெளிச்சம் போட்டுக் காட்டிட்ட."

எனக்கு உண்மை வேண்டுமாம், உண்மை! நாடாவைத் தூக்கிக்கொண்டு சுவரிடம் போய்க் கேட்டேனே, பக்கத்து அறையில் இருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? மூன்று வருடமாகக் கேட்டேனா? கிளறக் கூடாது, கிளறக் கூடாது என்று தள்ளியே நின்றேன். எனக்குப் பயம். வேறொன்றும் இல்லை.

இரண்டு பேரும் அழுதோம். அவள் முதலில் நிறுத்தினாள். நான் நீட்டிய கஞ்சியில் இரண்டு வாய் குடித்தாள்.

மார்ச் 13, வெள்ளி

அக்காவே மாடிக் கதவைத் திறந்தாள். நான் கணினியில் தண்ணீரை ஏற்ற ஏற்ற, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "இன்னும் மேல... இன்னும்... ஜன்னல் முழுகணும்... அங்க. நிறுத்து." பட்டைக்கு ஒரு சாண் கீழே.

இரண்டு முறை தப்பாக அழுத்தினேன். வோல்டேஜ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வராத தூசியைக் குறை சொன்னார்.

மார்ச் 14, சனி

கூட்டம் தெரு முனை வரை நின்றது. நெருப்புக்குக் கைதட்டினார்கள். மண்ணுக்கு விசில்.

தண்ணீர் கறையைத் தொட்டபோது கீழ்க் கடைக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லித் தலையாட்டினார். தண்ணீர் நிற்கவில்லை. கடைப் பலகையின் உயரத்தைத் தாண்டி, முதல் வரிசை ஜன்னல்களை மூடி, பட்டைக்குக் கீழே போய் நின்றது. கடைக்காரர் தன் கடையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எங்கள் மாடியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

தண்ணீரை அங்கே எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்று நான் எங்கும் குறிக்கவில்லை. அக்கா என் பக்கத்தில் நின்றாள். கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

"இப்ப எறக்கு" என்றாள். இறக்கினேன்.

"பசிக்குதுடீ" என்று சொல்லிவிட்டுக் கீழே போனாள். சாவி கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.