டிராலியில் ஆஸ்பத்திரிக்குப் போன அப்பா

மலையடிவாரம், கள்ளக்குறிச்சி வட்டம்
நவம்பர் 1987

அன்பு மகள் கலையரசிக்கு, அம்மா செல்லியம்மாள் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், பம்பாயில் உன் உடம்புக்கும் நர்ஸ் வேலைக்கும் ஒரு குறையும் வரக்கூடாதென்று மாரியாத்தாளை வேண்டிக்கொள்கிறேன். அப்பா காலில் அடிபட்டு இப்போது எழுந்து நடக்கிறார், பதறாமல் மேலே படி.

சின்னசேலம் ஸ்டேஷனில் புதிதாக இன்னொரு தண்டவாளம் போடுகிறார்கள், அதற்கு ஜல்லி நம் சர்க்கார் குவாரியிலிருந்துதான் போகிறது. நாங்கள் உடைத்த கல்மேல் ரயில் ஓடப்போகிறதென்று அப்பாவுக்கு ஒரே பெருமை. இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்ததைப் பேப்பரில் பார்த்திருப்பாய், புளியமரங்களை வெட்டி ரோட்டில் போட்டுவிட்டார்கள், பஸ், லாரி, ரயில் எதுவும் ஓடவில்லை. குவாரியில் மட்டும் வேலை நடந்தது. அப்போதுதான் மேலேயிருந்து ஒரு பாறை உருண்டு அப்பாவின் காலில் விழுந்தது. ரத்தம் நிற்கவில்லை. என் முந்தானையைக் கிழித்துக் கட்டிவிட்டு, பக்கத்தில் ரயில்பாதை வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த ரயில்வே இன்ஸ்பெக்டர் வெங்கடேசனிடம் ஓடினேன். அந்த மகராசன் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, ரயில் வரவில்லையென்று உறுதி செய்துகொண்டு, தண்டவாளத்தில் தள்ளிப்போகும் டிராலியில் அப்பாவைப் படுக்க வைத்தார். ரயில்வே ஆட்கள் தண்டவாளத்தின் மேலேயே கால் வைத்து ஓடித் தள்ளினார்கள், அந்த ஓட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும் கலையரசி!

ரயில்வே கேட்டில் மறியல்காரர்கள் தண்டவாளத்தில் கும்பலாக உட்கார்ந்திருந்தார்கள். வழி விடுவார்களோ மாட்டார்களோ என்று பயந்தேன். அவர்களில் சின்னதுரை என்கிற பையன்தான் முதலில் எழுந்தான், நாம் எந்தத் தெரு என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. "இன்னாடா பாத்துக்கினு கீறீங்க, ஏந்திரிங்க, மனுசன் உசுரு போவுது" என்று சத்தம் போட்டான். எல்லோரும் ஒதுங்கினார்கள், அவனும் சின்னசேலம் ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே வந்தான். அங்கே ரத்தத்தை நிறுத்தினார்கள், ரோடு திறந்ததும் கள்ளக்குறிச்சியில் ஆபரேஷன் நடந்தது. ரெண்டு விரல் போய்விட்டது, பாதம் பிழைத்தது.

அதற்குள் மறியல் கேஸில் சின்னதுரையைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. அப்பா தடியை ஊன்றிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். "இவரு ரயிலதாங்க மறிச்சாரு, என்னிய மறிக்கலீங்க" என்றாராம். வெங்கடேசனும் வந்து, தண்டவாளத்துக்கு ஒரு சேதமும் இல்லையென்று எழுதிக் கொடுத்தார். போன வாரம் ஜாமீனில் விட்டார்கள்.

வெளியே வந்தவன் நேரே நம் வீட்டுக்கு வந்தான். "அண்ணே, காலு இப்ப எப்பிடி கீது?" என்று கேட்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தான். நான் தயங்கித் தயங்கி மோர் கொடுத்தேன். அவர்கள் தெரு ஆட்கள் நம் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அவன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் குடுங்கக்கா" என்று சொம்பை நீட்டினான்.

நீ லீவு போட்டுவிட்டு ஓடி வராதே, பொங்கலுக்கு வந்தால் போதும். நைட் டியூட்டிக்கு முன்னால் வயிறாரச் சாப்பிடு. நூறு வயசு நோயில்லாமல் இரு என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம்.

உன் அம்மா
செல்லியம்மாள்